மாடியில் ஒரு ரயில்வே கேட்

அத்தியாயம் ஒன்பது

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ஏரி இருக்கிறது, நெல் மண்டி இருக்கிறது, செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பஸ் இருக்கிறது. ரயில் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். இதில் ஊராருக்குப் பெரிய வருத்தம் எதுவுமில்லை. வராத ரயிலை யாரும் தவறவிட முடியாது.

ஆனால் பஜார் தெருவில், கௌஸ் சவுண்ட் சர்வீஸுக்கு மேலே உள்ள மாடியறையில், மூன்று வருடமாக ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாண மேடைப் பலகைகள் மூன்றைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஓர் ஊர். இன்ஜினும் நான்கு பெட்டிகளும் தண்டவாளமும் துபாய் மாமா கொண்டுவந்தவை. மற்றதெல்லாம் கீழே கடையிலிருந்து ஒவ்வொன்றாகப் படியேறி வந்தவை. தெருவிளக்குகள், பழைய சீரியல் செட்டில் பிடுங்கிய பல்புகள். கேட்டை ஏற்றி இறக்கும் மோட்டார், செத்துப்போன டேப்ரிக்கார்டருடையது. கேட், ஒரு தென்னங்குச்சி. சிவப்பும் வெள்ளையும் அடித்தபின் அதைக் குச்சி என்று சொல்லிவிட முடியாது.

கடைக்காரர் முகம்மது கௌஸுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய ஒரே மகள் ஷப்ரீனுக்கு இருபத்திரண்டு. ஊரைக் கட்டியது இருவரும். அப்பா மலைகளைச் செய்தார், மகள் மலைக்குள் கம்பி விட்டாள்.

வியாழக்கிழமை தபால்காரர் கொண்டுவந்த பழுப்புக் கவரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலும் யாரும் மறக்கவில்லை. பாலிடெக்னிக் முடித்து, ரயில்வே தேர்வெழுதி, ஷப்ரீன் சிக்னல் பிரிவில் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போத்தனூர் பயிற்சிப் பள்ளியில் ஆஜராக வேண்டும். கையில் ஒரு பத்திரம் கொண்டுவர வேண்டும். பத்திரத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பலாம் என்பதை அரசாங்கம் தன் மொழியில் மரியாதையாகச் சொல்லியிருந்தது.

பத்திரத்தை அவள் நீட்டியபோது கௌஸ் கடை வாசலில் ஒரு புது மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மாடியில அந்த கேட்டு கீதே, அது கை படாம தானா வுழட்டும். ரயிலு வரணும், செவப்பு மினுக்கணும், கேட்டு வுழணும். என்னிக்கு வுழுதோ அன்னிக்குக் கையெழுத்து" என்றார்.

மைக் அணைக்கப்படவில்லை. இரண்டு ஹாரன் வழியாக இந்த வாக்கு பஜார் தெரு முழுவதும் போய், பஸ் ஸ்டாண்டில் திரும்பி, எதிரொலியோடு அவர் காதுக்கே வந்தது. மைக் நன்றாக வேலை செய்தது.

அன்றிலிருந்து தெருவுக்கு வேறு வேலையில்லை.

"கேட்டு வுழுந்துச்சா பாய்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்கள். கடைக்கு அகர்பத்தி விற்க வந்த வெளியூர்க்காரர்கூட, விவரம் தெரியாமலேயே, எல்லோரும் கேட்கிறார்களே என்று கேட்டார்.

விழவில்லை. அல்லது, ரயில் போன பிறகு விழுந்தது.

இன்று சனிக்கிழமை. நாளை சாயங்காலம் அரக்கோணத்தில் ரயிலேற வேண்டும்.

*

காலை எட்டு மணிக்கு ஷப்ரீன் தண்டவாளத்தோரம் குப்புறப் படுத்திருந்தாள். சால்ட்ரிங் புகை அவள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போயிற்று.

அம்மா உம்முல் குல்சும் தட்டோடு மாடியேறி வந்தாள். வீட்டில் தட்டு கீழிருந்து மேலே வருவது இரண்டு சமயங்களில்தான். யாருக்காவது காய்ச்சல், அல்லது அம்மாவுக்குக் கோபம்.

"நாஷ்டா ஆறிப் போவுது. ரயிலு எங்கயும் ஓடிடாது. வட்டமாத்தான சுத்துது?"

"ரெண்டு நிமிஷம்மா."

"கடியாரத்து ரெண்டு நிமிஷமா, உங்க அத்தா சொல்ற ரெண்டு நிமிஷமா?"

ஷப்ரீன் கடுகளவு ஈயத்தைக் கடுகளவு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துல ஏறணுமாமே அந்த வேலையில?"

"டெய்லி இல்லம்மா."

"ஒரு நாள்னாலும் கம்பம் கம்பந்தான். பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறி நின்னா ரயில்ல போறவன் எவனும் ஊரு போய் சேர மாட்டான். அண்ணாந்து பாத்துக்கினே போவான்."

"நல்லதுதானம்மா. சிக்னல பாப்பாங்க."

குல்சுமுக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு, கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கோளாறு எங்கே என்று ஷப்ரீன் இரவே கண்டுபிடித்திருந்தாள். இன்ஜின் வயிற்றில் ஒரு காந்தம். தண்டவாளத்தோரம் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். காந்தம் அதைக் கடக்கும்போது குழாய்க்குள் இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சிவப்பு மினுக்கும், மோட்டார் சுற்றும், கேட் இறங்கும். எல்லாம் சரி. குழாய்தான் கேட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. சேதி போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்ச் சேர்ந்தது.

குழாயை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினாள். பதினோரு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டாள்.

ரயில் மலையைச் சுற்றி வந்தது. பனைமரங்களைத் தாண்டியது. சிவப்பு இரண்டும் மாறிமாறிக் கண் சிமிட்டின. தென்னங்குச்சி, யாரோ தூக்கத்தில் கையை இறக்குவதுபோல, மெல்ல இறங்கிப் படுத்தது. அதன் முன்னால் ஒரு தகர பஸ் அடக்கமாக நின்றது. ரயில் போனது. குச்சி எழுந்தது.

மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் அப்படியே.

கௌஸ் முட்டிமேல் கைவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நல்லா கீது" என்றார், அடுத்த வீட்டுக் கல்யாணத்து பிரியாணியைச் சொல்வதுபோல.

"பத்திரம் கீழ மேஜையில கீது அத்தா."

"நாமளே செஞ்சு நாமளே பாத்து நாமளே சொல்றது நல்லா இல்ல ஷப்ரீன். ஜானகிராமன வரச் சொல்லிக்கீறேன். பொழுது சாஞ்சு, மஃரிபுக்கு அப்புறம் வருவாரு. அவரு பாத்து வுழுந்துச்சுன்னு சொல்லட்டும். நான் பேச்சு மாற மாட்டேன். பஜாரே கேட்டுச்சே."

ஜானகிராமன் முப்பத்தோரு வருடம் ரயில்வே கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அடுத்த தெரு. ஊரில் ரயிலைப் பற்றி அதிகாரபூர்வமாகப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள். அந்தத் தகுதியைப் பயன்படுத்த இதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

*

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டு, பத்து நிமிடம் கண்ணயர்ந்து, ஷப்ரீன் நாலு மணிக்கு மாடியேறினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஊர் எரியவில்லை.

தெருவிளக்கு இல்லை, ஸ்டேஷன் விளக்கு இல்லை. ரயில் மட்டும் இருட்டுத் தெருவில் வழி தெரிந்த நாய்போல ஓடியது. கேட்டுக்கு வந்தது. சிவப்பு மினுக்கவில்லை, குச்சி அசையவில்லை. இன்ஜின் நேராகப் போய், எப்படியோ தண்டவாளத்துக்கு நகர்ந்திருந்த தகர பஸ்ஸின் இடுப்பில் இடித்தது. பஸ் கவிழ்ந்தது.

ஷப்ரீன் பலகைக்கு அடியில் தொங்கிய துணியைத் தூக்கிப் பார்த்தாள். அவள் போட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவில் புதிதாகச் சிவப்பும் பச்சையுமாகப் பின்னிய சீரியல் ஒயர் ஒன்று ஊர் முழுக்க வலம் வந்திருந்தது. அந்த முறுக்கை மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் போடுவார்.

"அத்தா!"

கௌஸ் வந்தார். காதில் பென்சில்.

"இன்னாத்தா இது?"

"வெளக்கு. மாப்பிள்ள அழைப்பு வர்ற தெருவுல கூட முப்பது பல்பு போடறோம். ரயிலு வர்ற தெருவுல எட்டுதான் கீது. ஜானகிராமன் வந்து பாக்கறாரு, அழகா இருக்கட்டுமேன்னு எட்டு சேத்தேன்."

"சீரியலா போட்டுக்கீறீங்க!"

"பின்ன எப்படிப் போடுவாங்க? நாப்பது வருஷமா அப்படித்தான போடறேன். எரியலயா? எந்தக் கல்யாணம் நின்னு போச்சு?"

கௌஸ் கையில் இரண்டு கம்பி நுனி தனியாகக் கிடைத்தால் அவர் அவற்றை ஒன்றாகக் கோத்துவிடுவார். பூக்காரி கையில் பூ கிடைத்த மாதிரி. பாட்டரிக்கு எத்தனை பல்பு தாங்கும் என்று கணக்காகத்தான் கோத்திருந்தார். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோத்த வேகத்தில் கேட்டின் சிவப்பு விளக்குகளையும், கண்ணாடிக் குழாயிலிருந்து வரும் கம்பியையும் அதே சரத்தில் கோத்துவிட்டார்.

"கல்யாணத்துல ஒரு பல்பு போனா சரம் மொத்தமும் போவும். நீங்க ஏணி போட்டு ஏறுவீங்க. ஜனங்க பிரியாணி துன்னுக்கினு காத்திருப்பாங்க. இங்க ஒரு பல்பு போனா சிக்னலும் போவுது அத்தா. ரயிலு காத்திருக்காது."

கௌஸ் கவிழ்ந்து கிடந்த பஸ்ஸை எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினார்.

ஷப்ரீன் கேட்கக்கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"வேணும்னே பண்ணீங்களா?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி காதிலேயே வைத்தார்.

"வெளக்கு விஷயத்துல நான் பொய் பண்ண மாட்டேன்மா."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். மற்ற விஷயங்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

"டார்ச்ச புடிங்க" என்றாள்.

இரண்டு பேரும் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். அப்பா டார்ச் பிடித்தார். மகள் சரத்தை அவிழ்த்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக இரண்டிரண்டு கம்பி இழுத்தாள். ஒன்று அணைந்தால் மற்றது கண்டுகொள்ளாத மாதிரி. நடுவில் ஒருமுறை கௌஸ், "இப்படிப் போட்டா ஒயரு ரொம்ப செலவாவுமே" என்றார். "ஆவட்டும்" என்றாள். ஏழாவது பல்பு, ஸ்டேஷன் சாலை முனையில் இருந்தது, அவிந்திருந்தது. அவர் அதைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னார் இறந்துபோனார் என்று உறுதி செய்வதுபோல் தலையசைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறொன்றை மாட்டினார்.

அடியில் படுத்துப் பார்த்தால் பலகையின் ஓட்டைகள் வழியாக மேலேயுள்ள விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது தெரிந்தது. மொட்டை மாடியில் படுத்திருப்பது போலிருந்தது. வெளியே பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

*

ஜானகிராமன் வந்தபோது ஊரில் கரண்ட் போயிற்று.

பஜார் தெரு இருண்டது. மண்டி, மெடிக்கல், டீக்கடை என்று ஒவ்வொன்றாகக் குரல் மட்டும் ஆயின. அரிக்கேன் தேடும் சத்தம், தீப்பெட்டி உரசும் சத்தம், மின்சார வாரியத்தின் குடும்பத்தாரைப் பற்றிய விசாரிப்புகள்.

மாடியறையில் இருந்த ஊருக்கு அது எட்டவில்லை. ஊர்வல மைக்குக்குப் போடும் பாட்டரியில் அது எரிந்துகொண்டிருந்தது. பதினாறு தெருவிளக்குகள். பள்ளிவாசல் மினாரில் ஒரு பச்சை, கோபுரத்து உச்சியில் ஒரு மஞ்சள். நீலக் கண்ணாடித் தாள் ஒட்டிய ஏரியில் அத்தனையும் தலைகீழாக இன்னொரு தடவை எரிந்தன. ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் யாருமில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது.

ஜானகிராமன் செருப்பை வாசலில் விட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மேல் துண்டை இடுப்பில் கட்டப் போனவர், இது கோயில் இல்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"நம்ம ஊரா பாய் இது?"

"ஆமாங்க."

"கரண்ட் கீதே!"

கரண்ட் இருந்தால் அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்.

ஷப்ரீன் சுவிட்சைத் தொட்டாள். நான்கு பெட்டிகளின் ஜன்னல்களும் எரிய, ரயில் மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. சுவரில் பனைமரங்களின் நிழல்கள் பெரிதாக எழுந்து நடந்து போயின. சிவப்பு சிமிட்டிற்று. குச்சி இறங்கிற்று. பஸ் நின்றது. ரயில் போயிற்று.

"இன்னொரு தபா" என்றார் ஜானகிராமன்.

இன்னொரு தடவையும் அப்படியே.

"பாய்! கேட்டு வுழுந்துச்சா?" என்று கீழே இருட்டிலிருந்து டீக்கடை கேட்டது.

கௌஸ் ஜானகிராமனைப் பார்த்தார். ஷப்ரீனும் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ஜானகிராமன்.

"சொல்லுங்க."

"தப்பு."

"இன்னா தப்பு? வுழுந்துச்சா இல்லயா?"

"வுழுந்துச்சு. ரயிலு வருதுன்னு வுழுந்துச்சு. அதான் தப்பு."

"பின்ன? வாலாஜாபாத் போறப்போ வர்றப்போ பஸ்ல குந்திக்கினு எத்தினி வாட்டி பாத்துக்கீறேன். ரயிலு வருதுன்னுதானங்க மூடறாங்க!"

"பஸ்ல குந்திக்கினு பாத்தா அப்படித்தான் தெரியும் பாய். நான் உள்ள குந்திக்கினு இருந்தவன்." ஜானகிராமன் பலகையோரம் வந்து, விரல் படாமல் தென்னங்குச்சியைக் காட்டினார். "மொதல்ல நான் கேட்ட மூடுவேன். பூட்டுவேன். பூட்டுனாதான் சாவி கையில வரும். அந்தச் சாவியப் போட்டாதான் சிக்னல் குடுக்க முடியும். நான் மூடலைன்னு வெச்சுக்க, சிக்னலு செவப்புலயே நிக்கும். எவ்ளோ பெரிய எக்ஸ்பிரஸா இருந்தாலும் தொலைவுல நின்னு கூவிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

"அப்ப, ரயிலு வர்றதால நீங்க மூடல."

"இல்ல."

"நீங்க மூடறதால ரயிலு வருது."

"முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் வந்துச்சு."

ரயில் இல்லாத ஊர்க்காரர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து, கம்பி கம்பியாக யோசித்து, ரயில்வேயைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். ரயில் சொல்ல, கேட் கேட்டுக்கொண்டிருந்தது.

கௌஸின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க அவருக்கு நேரம் போதவில்லை. பதினாறு தெருவிளக்கின் வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"அப்ப வேலை செய்யல" என்றார் மெதுவாக.

ஷப்ரீனுக்கு ஒரு வழி இருந்தது. அப்பா மைக்கில் சொன்னது இதைத்தான்: ரயில் வரணும், செவப்பு மினுக்கணும், கேட்டு வுழணும். ரயில்வே சட்டப்படி வுழணும் என்று சொல்லவில்லை. தெருவே சாட்சி. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் டீக்கடை, மண்டி, மெடிக்கல் எல்லாம் மேலே வந்துவிடும்.

அவள் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் கற்றுக்கொள்ளப் போவதில் முதல் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

"மாமா சொல்றது சரி. நான் போட்டதுதான் தப்பு" என்றாள்.

சண்டைக்குத் தயாராக இருந்த கௌஸ், எதிரே ஆளில்லாமல் நின்றார்.

"பத்து நிமிஷம் குடுங்க."

பதினைந்து ஆயிற்று. கண்ணாடிக் குழாயின் கம்பியைக் கழற்றினாள். தண்டவாளத்தில் கேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு துண்டுக்கு மட்டும் மின்சாரத்தை வெட்டி, அங்கே சிவப்பும் பச்சையுமாக ஒரு சிக்னல் விளக்கு நட்டாள். குச்சி முழுதாகப் படுத்தால் தொடும்படி இரண்டு பித்தளைத் தகடுகள் வைத்தாள். தொட்டால் சிக்னல் பச்சையாகும், அந்தத் துண்டுக்கு உயிர் வரும். குச்சியை இறக்க, கடையில் விற்கும் காலிங்பெல் சுவிட்ச் ஒன்று. ஜானகிராமன் டார்ச் பிடித்தார். மூன்று இடத்தில் "ஆமா, அப்படித்தான்" என்றார். ஒரு இடத்தில் "அங்க இல்லமா" என்றார்.

"இனிமே தானா வுழாது. யாராவது அழுத்தணும்" என்றாள் ஷப்ரீன்.

"யாரு?" என்றார் கௌஸ்.

"கேட்டுக்காரரு."

ஜானகிராமன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் ரிட்டையர் ஆயிட்டேன்" என்றார்.

ஷப்ரீன் சுவிட்சை அப்பாவின் கையில் வைத்தாள்.

*

ரயில் புறப்பட்டது. மலையைச் சுற்றியது, ஏரிக்கரையோரம் வந்தது. சிக்னலுக்கு முன்னால் வந்து நின்றது.

நின்ற ரயிலை அந்த அறையில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது, இல்லாவிட்டால் அணைந்திருந்தது. இப்போது விளக்கெல்லாம் எரிய நின்றது. சிறிய சிறிய ஜன்னல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கட்டம் வெளிச்சம் வயலில் விழுந்து கிடந்தது. ஏரிக்குள் இன்னொரு ரயில் தலைகீழாகக் காத்திருந்தது.

கௌஸின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"பஸ்ஸு போவட்டும்" என்றார்.

தகர பஸ்ஸுக்கு மோட்டார் கிடையாது. அது அந்த இடத்தில் நின்று இரண்டு வருடமாகிறது.

குல்சும் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். இருட்டில் படியேறி வந்தவள், வாசலில் நின்றாள்.

"இன்னாடி, நின்னுடுச்சா?"

"சிக்னல் இல்லம்மா."

"ஏன்?"

"கேட்டு மூடல."

குல்சும் மகளைப் பார்த்தாள். கணவரின் கையைப் பார்த்தாள். பிறகு ரயிலைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அதை அவள் திட்டியிருக்கிறாள், தூசி தட்டியிருக்கிறாள், பார்த்ததில்லை. தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். குனிந்து, இரண்டாவது பெட்டியின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்குது?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றார் ஜானகிராமன், வேலையிலிருக்கும் குரலில்.

"உள்ள ஜனங்க இருப்பாங்களே" என்றாள் குல்சும். "கைக்கொளந்தக்காரி யாராவது இருப்பா. எறங்குற ஊர்ல எவனாவது வந்து காத்துக்கினு இருப்பான்." நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "இன்னாங்க நீங்க? ரயில நிறுத்தி வெச்சுக்கினு நிக்கிறீங்க? மூடுங்க. போவட்டும்."

கௌஸ் அழுத்தினார்.

சிவப்பு சிமிட்டியது. குச்சி இறங்கிப் படுத்தது. பித்தளை பித்தளையைத் தொட்ட சத்தம், ஒரு எறும்பு தாளம் போட்ட மாதிரி. சிக்னல் பச்சையாயிற்று. ரயில் ஒருமுறை குலுங்கி, யோசித்து, கேட்டைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, ஜன்னல் வெளிச்சங்களை வயலில் இழுத்துக்கொண்டு மலைக்குப் பின்னால் போயிற்று.

அது மறுபடி சுற்றி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நான்கு பேரும் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பத்திரத்த எடுத்துக்கினு வா" என்றார் கௌஸ்.

*

கரண்ட் வராததால் பலகையோரம் உட்கார்ந்து, பதினாறு தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதினார். பெயர் எழுதினார். உறவுமுறை எழுதினார். கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பந்தலுக்கு வளைவு விளக்கு போட்டவர் கை. கையெழுத்தும் வளைந்து வளைந்து இடத்தை நிறைத்தது. ஜானகிராமன் சாட்சி போட்டார்.

"ஒரு எடம் காலியா கீதே" என்றார் கௌஸ்.

"நான் எழுதிக்கறேன் அத்தா."

"வெளிச்சம் கீது, இருக்கறப்பவே எழுதிடறேன்." பலகை ஊரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எழுதினார். மை காய ஊதினார்.

கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தடவை விக்கி எரிந்தது. அத்தனை தெருவிளக்கும் ஒரே நொடியில் வெறும் பல்பாகிவிட்டன. தெருவில் எல்லோரும் "ஹோ" என்றார்கள்.

ஷப்ரீன் பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் அச்சிட்ட கட்டங்களுக்கு நடுவில், கடைசிக் கட்டத்தில் மட்டும் தமிழ். அருகிலுள்ள ரயில் நிலையம் எது என்று அரசாங்கம் கேட்டிருந்தது.

உத்திரமேரூர்.

"அத்தா, நம்ம ஊர்ல ஸ்டேஷன் கெடயாதே."

"தெரியும்."

"இது கவர்மெண்டு பேப்பரு."

"எழுதறப்போ ஸ்டேஷன்ல வெளக்கு எரிஞ்சுக்கினு இருந்துச்சுமா" என்றார் கௌஸ். "பாத்துத்தான் எழுதுனேன்."

ஜானகிராமன் எட்டிப் பார்த்தார். முப்பத்தோரு வருடப் பணியில் எழுதப்பட்டதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகியவர். டீயை எடுத்துக் குடித்தார்.

"இன்னா எழுதிக்கீறாரு?" என்றாள் குல்சும்.

"நம்ம ஊரு பேரும்மா."

"சரியாத்தான கீது" என்று சொல்லிவிட்டு, காலி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு, பெட்டியில் எந்தப் போர்வையை வைப்பது என்று தனக்குள் பேசிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அடித்தல் திருத்தல் உள்ளவை ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. வேறு பத்திரம் கிடையாது. நாளை ஞாயிற்றுக்கிழமை.

ஷப்ரீன் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, பேனாவை மூடினாள். பத்திரத்தை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போத்தனூரில் யாரோ ஒரு எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தென்னக ரயில் நிலையங்களின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டப் போகிறார்.